பாறைக்குள் ஒரு பப்: நாட்டிங்ஹாமின் 'யே ஓல்ட் ட்ரிப் டு ஜெருசலேம்'

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ரயில் நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடை. கோட்டை நிற்கும் மணற்பாறையின் அடியில், புரூஹவுஸ் யார்டு என்ற இடத்தில், பாறையோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறது இந்த பப். வெள்ளைச் சுவரில் பெரிய கறுப்பு எழுத்தில் கி.பி. 1189 என்று எழுதியிருப்பதால் தேட வேண்டியதில்லை.

அந்த ஆண்டுக்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்ட் அரியணை ஏறியது 1189இல். அவருடைய சிலுவைப்போர் வீரர்கள் ஜெருசலேமுக்குக் கிளம்பும் முன் இங்கே கூடிக் குடித்தார்கள் என்பது ஊர்க்கதை. அதற்கு எழுத்து ஆதாரம் எதுவும் கிடையாது. இப்போது நிற்கும் கட்டடம் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1751இல் இதன் பெயர் 'தி பில்கிரிம்'. இன்றைய பெயர் 1799 வாக்கில்தான் பதிவுகளில் வருகிறது. இங்கிலாந்திலேயே பழைய பப் என்ற பட்டத்துக்காக இதே ஊரில் 'பெல் இன்', 'யே ஓல்ட் சல்யூடேஷன்' ஆகிய இரண்டும் போட்டி போடுகின்றன. கட்டடத்தின் வயதை மட்டும் பார்த்தால் அவை இரண்டுமே இதைவிட மூத்தவை. ஆகவே அந்த எண்ணுக்காக இங்கே போகாதீர்கள். போக வேண்டியது குகைகளுக்காக.

நாட்டிங்ஹாம் நகரத்துக்கு அடியில் மனிதர்கள் குடைந்த குகைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. இந்த மணற்பாறை, இரும்புக் கருவி கொண்டு கையாலேயே வெட்டக்கூடிய அளவுக்கு மென்மையானது. வெட்டிய பிறகு தூண் இல்லாமலே நிற்கும் அளவுக்கு உறுதியானது. பப்பின் பின்பக்க அறைகளில் சுவரும் கூரையும் இந்தப் பாறையேதான். கோட்டைக்கு வேண்டிய பீர் ஒருகாலத்தில் இந்தக் குகைகளில் காய்ச்சப்பட்டது என்று சொல்கிறார்கள். 'புரூஹவுஸ்' என்றால் பீர் காய்ச்சும் இடம், எனவே புரூஹவுஸ் யார்டு என்ற பெயரைப் பார்த்தால் அது நம்பக்கூடியதாகவே இருக்கிறது.

கீழே கூட்டம் எப்படி இருந்தாலும் முதலில் மாடியில் உள்ள ராக் லவுஞ்சுக்கு ஏறிவிடுங்கள். இந்த பப்பின் உயிர் அந்த அறையில்தான் இருக்கிறது. படிகள் குறுகல், தரை மேடுபள்ளம், சில இடங்களில் தலை குனிந்துதான் போக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் மாடியை மறந்துவிட்டு, கீழ்த்தளத்தில் இடம் கிடைக்குமா என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்வது நல்லது.

'சபிக்கப்பட்ட கப்பல்' மாடியில்தான் இருக்கிறது. பாய்மரக் கப்பலின் சிறிய மர மாதிரி அது. அதைத் துடைத்துச் சுத்தம் செய்தவர்கள் ஒவ்வொருவரும் சீக்கிரமே இறந்துபோனார்கள் என்பது கதை. அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. பாறைக் கூரையிலிருந்து மணல் துகள் ஓயாமல் உதிரும் அறை இது. அந்தப் பொடியோடு ஒட்டடையும் புகையும் சேர்ந்து, பாய்மரக் கயிறு எது, தூசி எது என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி சாம்பல் நிறக் கம்பளி போல மூடிவிட்டது. தூசி கட்டி கட்டியாக உதிர்ந்து கீழே இருப்பவர்களின் கிளாஸில் விழ ஆரம்பித்ததும் கப்பலைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டார்கள். சாபத்தை நம்பாதவர்கூட அந்தத் தூசியை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். உட்காரும் பெண்ணுக்குப் பிள்ளை வரம் கிடைக்கும் என்று நம்பப்படும் பழைய நாற்காலி ஒன்றும் இங்கே உண்டு. மரத்தில் தொட்டில் கட்டிய ஊர்க்காரர்களுக்கு அதைத் தனியாக விளக்க வேண்டாம்.

அடுத்தது 'ரிங் தி புல்' விளையாட்டு. சுவரில் ஒரு மாட்டுக்கொம்பு, கூரையிலிருந்து தொங்கும் கயிறு, கயிற்றின் நுனியில் மூக்குவளையம். வளையத்தைக் கொம்பில் மாட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். புதிதாக ஆடுகிறவர்கள் கொம்பைக் குறிபார்த்து நேராக வீசுவார்கள். வளையம் கொம்பின் நுனியில் பட்டுத் திரும்பி வந்து வீசியவரின் முகத்தையே பதம் பார்க்கும். கயிற்றைத் தளராமல் இழுத்துப் பிடித்து, வளையத்தைக் கொம்புக்கு ஒரு பக்கமாக, சற்றே வளைவாக, மெல்ல விடுங்கள். வளையம் கொம்பைத் தாண்டிப் போய், சுற்றித் திரும்பும்போது வேகம் குறைந்து மாட்டிக்கொள்ளும். கை பலம் இதில் உதவாது. விடும் கோணம்தான் முக்கியம். ஒரு தடவை மாட்டிவிட்டால் நின்ற இடத்தையும் விட்ட கோணத்தையும் மாற்றாதீர்கள்.

இனி பீர். இங்கே வந்து பாட்டிலில் வரும் லாகர் வகை பீர் கேட்பது வீண். கைப்பம்பில் இழுத்துத் தரும் 'காஸ்க் ஏல்' கேளுங்கள். இது பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடு இருந்து கடைசிக் கட்டமாகப் புளிக்கும் பீர். 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் ஊற்றுவதுதான் முறை. ஐஸ் குளிர்ச்சிக்குப் பழகிய நாக்குக்கு முதல் மடக்கு 'சூடாயிருக்கே' என்று தோன்றும். ஆனால் இந்த மிதமான குளிர்ச்சியில்தான் மால்ட்டின் (முளைகட்டிய தானியம்) இனிப்பும் ஹாப் பூவின் கசப்பும் தெரியும். பாறை நிலவறை கோடையிலும் அவ்வளவாகச் சூடேறாது என்பதால் இந்த வகை பீருக்கு ஏற்ற இடம் இது.

காஸ்க் ஏலில் கோளாறு வரும் இடமும் உண்டு. பீப்பாயைத் திறந்ததும் காற்று உள்ளே போகிறது. மூன்று நாளுக்குள் விற்றுத் தீரவில்லை என்றால் புளிப்பு ஏறிவிடும். வினிகர் வாசனை வந்தாலோ, உப்புசப்பில்லாமல் இருந்தாலோ, உடனே பாருக்குக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். மாற்றிக் கேட்பது இங்கிலாந்தில் மரியாதைக் குறைவே அல்ல. பாதியைக் குடித்துவிட்டுச் சொன்னால்தான் சங்கடம். வாங்கும் முன் ருசி பார்க்க ஒரு மடக்கு கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். முழு பைன்ட் 568 மில்லி. வெவ்வேறு ஏல் சுவைக்க விரும்பினால் அரை பைன்டாக வாங்குங்கள். பம்பின் முகப்பில் போட்டிருக்கும் ஆல்கஹால் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். 5 சதவீத ஆல்கஹால் உள்ள 'அபட் ஏல்' என்ற பீரை வழக்கமான பீர் என்று நினைத்து மூன்று பைன்ட் குடித்தால், இறங்கும்போது அந்தக் குறுகல் படி படுத்தும்.

மேசைக்கு ஆள் வந்து கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். பாருக்குப் போய் ஆர்டர் செய்து, அங்கேயே பணம் கட்டி, கிளாஸை நீங்களே தூக்கி வர வேண்டும். சாப்பாடு என்றால் மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு போங்கள். டிப்ஸ் கட்டாயமில்லை. மது வாங்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இளமையாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்பார்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சாப்பாடு வழக்கமான பப் மெனு: பை, மீன் சிப்ஸ், சாசேஜ். பசி தீரும், அதற்காகவே ஊர் தாண்டி வர வேண்டியதில்லை. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தவிர்ப்பவர்கள் பை, கிரேவி எதில் செய்தது என்று கேட்டுவிடுங்கள். குடிக்காதவர்கள் காபியோடு உட்கார்ந்தாலும் யாரும் முறைக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை மாலை போகாதீர்கள். அறைகள் சின்னவை, பாறைச் சுவர் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். ராக் லவுஞ்சில் நிற்கவும் இடம் இருக்காது. வாரநாள் காலையில் திறந்ததும் போனால் கப்பலையும் கூரையையும் நிதானமாகப் பார்க்கலாம்.

அதே நாளில் கோட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1330 அக்டோபர் 19 இரவு, 17 வயது அரசர் மூன்றாம் எட்வர்டின் ஆட்கள் ரகசியச் சுரங்கம் வழியாகக் கோட்டைக்குள் புகுந்து, அதுவரை ஆட்சியைத் தன் கையில் வைத்திருந்த ரோஜர் மார்ட்டிமரைப் பிடித்தார்கள். அடுத்த மாதமே லண்டன் டைபர்னில் அவரைத் தூக்கிலிட்டார்கள். 'மார்ட்டிமர்ஸ் ஹோல்' என்று இன்று காட்டப்படும் சுரங்கம் பப்புக்குப் பக்கத்தில்தான் வெளியே வருகிறது. அன்றைக்கு வந்த வழி இதுதானா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள், இடங்களும் குறைவு. டிக்கெட்டை முன்பே எடுங்கள். செங்குத்தான படிகள், ஈர மணல், எனவே வழுக்காத காலணி வேண்டும். சுரங்கத்தை முடித்துக்கொண்டு பிறகு பப்புக்கு வாருங்கள், வரிசை மாற வேண்டாம்.