ஒரு கிறிஸ்தவ பிளானருடன் 26 வாரங்கள்

விசுவாசத்தை மையமாக வைத்து நாளையும் வேலையையும் ஒழுங்குபடுத்த உதவும் என்று சொல்லி விற்கப்படும் பிளானர்களில் ஒன்றை, 13 வாரங்களுக்கு ஒரு தொகுதி என்ற கணக்கில், இரண்டு தொகுதிகள் கடைசிப் பக்கம்வரை எழுதி முடித்திருக்கிறேன். மெய்ப்புத் திருத்துவது என் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் ஓய்வுநாள் பாடசாலையில் சிறுவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். வேலையை ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கும்போதெல்லாம் முதலில் ஜெபத்தையும் அடுத்ததாக உறக்கத்தையும் கைவிடுவது பல ஆண்டுப் பழக்கமாகிவிட்டிருந்ததால், அதை மாற்ற இந்தக் குறிப்பேடு உதவுமா என்று பார்க்கத்தான் வாங்கினேன். நூலால் தைத்த கட்டு என்பதால் மேசையில் விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளாது. தாள் சற்று மெல்லியது, மைப்பேனாவால் எழுதினால் மறுபக்கம் தெரியும். பொருளின் தரத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

வாரப் பக்கங்கள் தொடங்குவதற்கு முன் 14 பக்கங்கள் நம்மை எழுத வைக்கின்றன. அவற்றை அவசரமாகப் புரட்டிவிட்டு நாட்குறிப்புக்குத் தாவிவிடத்தான் நினைத்தேன். தாவியிருந்தால் குறிப்பேட்டின் சிறந்த பகுதியை இழந்திருப்பேன். இத்தகைய குறிப்பேடுகள் வழக்கமாக 'ஐந்து ஆண்டுகளில் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்' என்று கேட்கும் இடத்தில், இது 'உங்களிடம் யார், எது ஒப்படைக்கப்பட்டிருக்கிறது' என்று கேட்கிறது. உக்கிராணக்காரனிடம், அதாவது எஜமானின் உடைமைகளைப் பொறுப்பேற்றுப் பராமரிப்பவனிடம், கேட்கப்படும் கேள்வி அது. 1647இல் எழுதி முடிக்கப்பட்ட, கிறிஸ்தவ விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் குறு வினாவிடை, மனிதனின் பிரதான நோக்கம் என்ன என்ற வினாவோடு தொடங்கி, தேவனை மகிமைப்படுத்துவதும் என்றென்றும் அவரில் மகிழ்ந்திருப்பதுமே என்று விடை சொல்கிறது. அந்த நோக்கம் விசுவாசிகள் எல்லாருக்கும் பொதுவானது, அதை ஒவ்வொருவரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அவரவர் கண்டுகொள்ள வேண்டியது அந்த நோக்கத்துக்குள் தமக்கு வாய்த்த பொறுப்புகளைத்தான் என்ற வேறுபாட்டை இந்தப் பக்கங்கள் தெளிவாகவே வைத்திருக்கின்றன. 'என் வாழ்க்கையின் நோக்கம்' என்று எழுதத் தொடங்கி வார்த்தை கிடைக்காமல் தவித்தவர்களுக்கு இது பெரிய ஆறுதலாக இருக்கும்.

பொறுப்புகளை எழுத ஐந்து வரிகள்தான் உண்டு. நான் தனித்தாளில் எழுதிப் பார்த்தபோது ஒன்பது வந்தன. நான்கை அடிக்க வேண்டியிருந்தது. அவற்றில் இரண்டு, மறுத்துச் சொல்லக் கூச்சப்பட்டு ஏற்றுக்கொண்ட குழுப் பணிகள். எதிர்ப்பக்கத்தில் யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தின் சுருக்கம் அச்சிடப்பட்டிருக்கிறது: காலைமுதல் சாயங்காலம்வரை தனியாக உட்கார்ந்து வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து, இப்படிச் செய்தால் நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று மாமனாகிய எத்திரோ எச்சரித்து, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தச் சொன்ன நிகழ்ச்சி. மோசேக்கே அது தேவைப்பட்டது என்றால், மெய்ப்புத் திருத்துபவர் இரண்டு குழுக்களிலிருந்து விலகுவதில் குற்றவுணர்வுக்கு இடமில்லை என்று தேற்றிக்கொண்டு, அன்று மாலையே இரண்டு கடிதங்கள் எழுதினேன்.

அடுத்துப் பாராட்ட வேண்டியது ஞாயிற்றுக்கிழமைப் பக்கம். மற்ற நாட்களுக்கு அரைப் பக்கம்தான், ஞாயிறுக்கு முழுப் பக்கம். அதில் மணிக்கோடுகள் இல்லை, வேலைப் பட்டியல் இல்லை, அடியில் 'இன்று செய்யாமல் விட்டவை' என்ற ஒரே ஒரு வரி. வாரம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆறாம் நாளில் படைக்கப்பட்ட மனிதனுக்கு அடுத்து விடிந்த நாள் ஓய்வின் நாளாக இருந்தது என்பதை நினைத்தால், அந்த அமைப்பின் காரணம் விளங்கும். சனிக்கிழமைப் பக்கத்தில் 'இரட்டிப்பு' என்று ஒரு சிறு கட்டம் இருக்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாக மன்னா விழுந்த காலத்தில், ஓய்வுநாளுக்கு முந்தின ஆறாம் நாளில் மட்டும் இரண்டு மடங்கு சேர்க்கச் சொல்லப்பட்டதை ஒட்டி, ஞாயிறு ஒழிந்திருக்க வேண்டுமானால் எதையெல்லாம் முன்கூட்டியே முடிக்க வேண்டும் என்று அதில் குறித்துக்கொள்ளலாம். முதல் மாதம் முழுவதும் ஞாயிறு மாலைகளில் வழக்கம்போல் மெய்ப்புத் தாள்களை எடுத்து உட்கார்ந்தேன்; ஒன்பதாவது வாரத்தில்தான் வகுப்புக்கான ஆயத்தம் வெள்ளிக்கிழமைக்கும் மீதமிருந்த தாள்கள் சனிக்கிழமைக்கும் நகர்ந்தன. ஞாயிற்றுக்கிழமைதான் அதிகம் உழைக்க வேண்டிய போதகர்களுக்கும் அன்று பணிமுறை வரும் செவிலியர்களுக்கும் இந்த அமைப்பு பொருந்தாது. தேதி அச்சிடாத குறிப்பேட்டில் கிழமையை மட்டும் ஏன் அச்சிட்டார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

குறைகள் தினப் பக்கத்தின் உச்சியில் தொடங்குகின்றன. ஜெபம், வேதவாசிப்பு, ஸ்தோத்திரம் என்று மூன்று கட்டங்கள்; முடித்தால் டிக் போட வேண்டும். ஆறாவது வாரத்தில் ஒரு புதன்கிழமை, காலையில் அவசர வேலை வந்துவிட்டதால், பிறகு ஜெபித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு கட்டத்தில் மட்டும் முதலில் டிக் போட்டுவிட்டேன். இரவு பத்தரை மணிக்குக் குறிப்பேட்டைத் திறந்தபோது பக்கம் மிக ஒழுங்காக இருந்தது: மூன்று டிக், முடித்த வேலைகள் ஏழு, மீதமில்லை. நான் அன்று ஜெபிக்கவே இல்லை. பொய்யை நான் சொன்னேன் என்பது உண்மைதான். ஆனால் ஜெபத்தையும் மின் கட்டணத்தையும் ஒரே வடிவக் கட்டத்தில் அடைத்த அமைப்புக்கும் அதில் பங்குண்டு.

பின்னிணைப்பாக உள்ள ஓராண்டு வேதவாசிப்புத் திட்டம் இந்தச் சிக்கலை இன்னும் பெரிதாக்குகிறது. வேதத்தில் 1,189 அதிகாரங்கள் இருப்பதால் நாளொன்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல் வாசித்தால் ஓராண்டில் முடித்துவிடலாம். கணக்கு சரி. ஆனால் எந்த மாதத்திலும் தொடங்கலாம் என்று அட்டையில் சொல்லும் குறிப்பேட்டில் வாசிப்புத் திட்டம் மட்டும் ஜனவரி 1 என்று தேதியோடு அச்சாகியிருக்கிறது. ஆண்டின் நடுவில் தொடங்கிய நான் முதல் நாளே நூற்றுக்கணக்கான அதிகாரங்கள் பின்தங்கியவனாக உணர்ந்தேன். இத்தகைய திட்டங்களில் மிகவும் அறியப்பட்ட ஒன்றை, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் மரே மெக்செய்ன் 1842 டிசம்பரில் தம் சபையாருக்காக வகுத்தார். நாளுக்கு ஏறத்தாழ நான்கு அதிகாரங்கள். பழைய ஏற்பாட்டை ஒருமுறையும், புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இருமுறையும் ஓராண்டில் வாசிக்கும் ஏற்பாடு. அவர் அட்டவணையை மட்டும் கொடுத்துவிடவில்லை. அதன் நன்மைகளைச் சொல்வதற்கு முன்பே அதன் ஆபத்துகளை எழுதினார்: வாசிப்பு வெறும் சடங்காகிவிடலாம், முடித்தவருக்குச் சுயநீதி வரலாம், கவனமின்றி வாசிக்கத் தோன்றலாம், சிலருக்கு அது சுமக்க முடியாத நுகமாகலாம் என்று. அடுத்த மார்ச்சிலேயே, 29 வயதில், அவர் இறந்துபோனார். தம் அட்டவணையின் முதல் ஆண்டு நிறைவுறுவதை அவர் பார்க்கவில்லை. அந்த நான்கு எச்சரிக்கைகளுக்கு இந்தப் பிளானரில் நான்கு வரி இடம் ஒதுக்கியிருக்கலாம்.

குறியிட்டுக் கணக்கு வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா எழுதி, 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூலிலேயே, நாளுக்கு இரண்டு கோடு வரைந்து, விட்டொழிக்க விரும்பும் குறையில் விழும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி வைத்து, வாரத்தோடு வாரத்தை ஒப்பிடும் முறை இருக்கிறது. அங்கே புள்ளி விழுகையைக் குறிக்கிறது. இங்கே டிக் சாதனையைக் குறிக்கிறது. முன்னதைப் பார்த்துப் பெருமைப்பட வழியில்லை. இக்னேஷியஸ் வகுத்த மனச்சாட்சி ஆய்வில் முதல் படி தேவனுக்கு நன்றி சொல்வது. இந்தக் குறிப்பேட்டின் இரவுக் கேள்விகளோ 'இன்று எதை முடித்தீர்கள்' என்று தொடங்கி, மூன்றாவதாகத்தான் நன்றிக்கு வருகின்றன. எதையும் முடிக்காத நாளில் மூன்றாவது கேள்விக்குப் போகவே மனம் வருவதில்லை. இரண்டாம் தொகுதியில் நான் கீழிருந்து மேலாக விடை எழுதினேன், வித்தியாசம் இருந்தது.

மிகப் பெரிய குறையாக நான் கருதுவது, திட்டமிடாமல் வந்து சேருபவற்றுக்குத் தினப் பக்கத்தில் இடமே இல்லாததுதான். கணவரை இழந்த சபை மூதாட்டி ஒருவர் ஒரு பிற்பகலில் தொலைபேசியில் அழைத்து நாற்பது நிமிடம் பேசினார். மருந்துச் சீட்டைப் பற்றித் தொடங்கி, இரவில் வீடு எவ்வளவு அமைதியாகிவிடுகிறது என்பதில் முடித்தார். பேசி வைத்ததும் குறிப்பேட்டைப் பார்த்தால் அந்த நாற்பது நிமிடம் அதில் ஒரு வெற்றிடமாக, நான் வீணாக்கிய நேரம்போல் கிடந்தது. ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதி வைத்தேன். மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில், சாகும் நிலையிலிருந்த யவீருவின் மகளிடம் அவசரமாகப் போய்க்கொண்டிருந்த இயேசு, 12 ஆண்டு நோயாளியான ஒரு பெண் தம் வஸ்திரத்தைத் தொட்டதற்காக நடுவழியில் நின்று, அவள் சொன்னதை முழுவதும் கேட்கிறார். அந்த நாளை இந்தப் பக்கத்தில் எழுதினால் அந்தப் பெண் ஓரத்துக்குத்தான் போவாள்.

காலாண்டு இறுதியில் நிறைவேறாத இலக்குகளுக்குக் காரணம் குறிக்கச் சொல்லும் பக்கமும் இதே பார்வையில்தான் அமைந்திருக்கிறது. சோம்பல், கவனச்சிதறல், ஒழுங்கின்மை என்று மூன்று விடைகள் அச்சிடப்பட்டிருக்கின்றன, நான்காவது இல்லை. பித்தினியாவுக்குப் போகப் பிரயத்தனம் செய்தும் ஆவியானவர் இடங்கொடாததால் துரோவாவுக்கு இறங்கிவந்த அப்போஸ்தலனாகிய பவுல், இந்தப் பக்கத்தில் எதைக் குறித்திருப்பார் என்று யோசித்துச் சிரித்துவிட்டேன். ஒவ்வொரு இலக்குப் பக்கத்தின் அடியிலும் யாக்கோபு நிருபத்திலிருந்து 'ஆண்டவருக்குச் சித்தமானால்' என்று அச்சிடத் தெரிந்தவர்கள், அந்தச் சித்தம் வேறாக இருந்தால் குறிக்க ஒரு கட்டம் விட்டிருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் மூன்றாம் தொகுதியை வாங்கியிருக்கிறேன். பொறுப்புகளைக் குறைக்க வைத்த அந்த ஐந்து வரிகளுக்காகவும் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்காகவும் வாங்கலாம் என்றே பிறருக்கும் சொல்வேன். ஏற்கெனவே தம்மைத் தாமே வருத்திக்கொள்ளும் இயல்புள்ளவர்கள் தினப் பக்கங்கள் இல்லாத வாரப் பதிப்பை எடுத்துக்கொள்வது நல்லது. புதிய தொகுதியில் முதல் வாரத்தின் மூன்று கட்டங்களையும் பென்சிலால் அடித்துவிட்டு, வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து, 'வந்தவர்கள்' என்று தலைப்பிட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமைக்குள் அதில் இரண்டு பெயர்கள் ஏறிவிட்டன.