கிணற்று நீர்மட்டம் பதிய ஹோபோ யூ20எல்: வாங்குவதற்கு முன்

திறந்த கிணறு, ஆழ்துளைக் கிணறு, ஏரி என எங்கே நீர்மட்டத்தைத் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டுமானாலும் ஆன்செட் நிறுவனத்தின் ஹோபோ யூ20எல் லாகரை (நீருக்குள் தொங்கியபடி அழுத்தத்தைத் தானாகவே பதியும் கருவி) தயங்காமல் வாங்கலாம். ஆனால் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். நீரின் அழுத்தத்தோடு அதன் மேல் அழுத்தும் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே இது அளக்கிறது. அந்தக் காற்றின் பங்கைக் கழிக்க, இன்னொரு லாகர் நீரில் படாமல் காற்றில் தொங்க வேண்டும். திட்ட மதிப்பீட்டிலேயே இரண்டாவதற்கும் பணம் ஒதுக்கிவிடுங்கள்.

1 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 செ.மீ. நீருக்குச் சமம். தமிழ்நாட்டில் சாதாரண நாளிலேயே காலை 10 மணிவாக்கில் உச்சத்தில் இருக்கும் காற்றழுத்தம், மாலை 4 மணிக்குள் 3 அல்லது 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிடும். கழிக்காத வரைபடத்தில் மோட்டாரே ஓடாத கிணறுகூட தினமும் ஏறி இறங்குவதாகத் தெரியும். பக்கத்தில் புயல் கரை கடந்தால் இன்னும் மோசம்: மழை கொட்டும் நேரத்தில் மட்டம் 20 செ.மீ.க்கு மேல் குறைந்ததாகக் காட்டலாம்.

காற்று லாகரை வெயில் படும் இரும்புப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். சூடேறினால் அளவீடு பிசகும். கிணற்றுக்குள்ளேயே, மழைக்கால உச்ச மட்டத்துக்கு மேலே, நிழலில் தொங்கவிடுவது நல்லது. சமவெளியில் அருகருகே உள்ள பல கிணறுகளுக்கு ஒன்றே போதும். இடத்தின் உயரம் சில மீட்டர் மாறினாலும் கவலையில்லை. அது நிலையான வித்தியாசம்தான், கையால் அளந்த மட்டத்தை மென்பொருளில் கொடுக்கும்போது சரியாகிவிடும்.

எந்த வகை வாங்குவது? வகையின் மீட்டர் கணக்கு, லாகருக்கு மேலே அதிகபட்சம் எவ்வளவு நீர் நிற்கலாம் என்பதைக் குறிக்கும். ஏரி, குளத்துக்கு 4 மீட்டர் வகை. பிழை பொதுவாக 0.4 செ.மீ. காற்றில் தொங்கவிடவும் இதுவே ஏற்றது. கிணற்றுக்கு 9 மீட்டர் வகை. பிழை 1 செ.மீ. கடினப் பாறைப் பகுதிகளில் கோடைக்கும் மழைக்காலத்துக்கும் இடையே மட்டம் 9 மீட்டருக்கு மேல் மாறும் கிணறுகள் உண்டு. அங்கே 30 மீட்டர் வகைதான் வழி, 3 செ.மீ. பிழையை ஏற்றுக்கொள்ள வேண்டும். தேவைக்கு மேல் பெரிய வகை வாங்கினால் துல்லியம்தான் போகும்.

தொங்கவிட நைலான் கயிறு கூடாது. அது நீளும், நீண்ட அளவெல்லாம் நீர்மட்டம் ஏறியதாகப் பதிவாகும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போடுங்கள். லாகரின் விட்டம் 3.2 செ.மீ.தான் என்றாலும், மோட்டார் இருக்கும் ஆழ்துளைக் கிணற்றில் குழாயிலும் கேபிளிலும் சிக்கிக்கொள்ளும். தனியாக ஒரு பி.வி.சி. குழாயைத் துளையிட்டு இறக்கி, அதற்குள் விடுங்கள். கோடையில் நீர் லாகருக்குக் கீழே போய்விட்டால் மட்டம் தட்டையான கோடாக நிற்கும். அதை நிலையான நீர்மட்டம் என்று படித்துவிடக் கூடாது.

நினைவகத்தில் சுமார் 21,700 பதிவுகள் கொள்ளும். 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஏழு மாதத்துக்கு மேல் வரும். நிமிடத்துக்கு ஒன்று என்றால் 15 நாளில் நிரம்பிவிடும். கிணற்றுக்கு 15 நிமிடம் தாராளம். இரண்டு லாகர்களையும் ஒரே கணினியில், ஒரே இடைவெளியில், ஒரே நேரத்தில் தொடங்கும்படி அமையுங்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் அளவு நாடாவை இறக்கி, கிணற்று விளிம்பில் பெயின்ட் அடித்த அதே புள்ளியிலிருந்து மட்டத்தை அளந்து, மணியோடு எழுதிக்கொள்ளுங்கள். கம்பி நழுவியதும் உணரி மெல்லப் பிசகுவதும் இந்தக் கையளவில்தான் பிடிபடும்.

தரவை ஒளி வழியாக எடுப்பதால் அதற்கான இணைப்புக் கருவியும் வாங்க வேண்டும். லாகரில் ஒளி செல்லும் முனையில் பாசி படிந்திருந்தால் கணினி அதை அடையாளம் காணாது, மென்துணியால் துடைத்தால் போதும்.

பேட்டரி சுமார் 5 ஆண்டு உழைக்கும், ஆனால் அதை நாமே மாற்ற முடியாது. நீண்டகாலத் திட்டமென்றால் இதுதான் பெரிய குறை. மற்றபடி, வெளிக்காற்றோடு இணைக்கும் காற்றுக்குழாய் வைத்த உணரிகளைப் போல ஈரம் உறிஞ்சும் பொடியை அடிக்கடி மாற்றும் வேலை இதில் இல்லை. கடலோர ஈரக்காற்றில் அது பெரிய நிம்மதி. அங்கே நீர் உப்பாக இருந்தால் மட்டும் மென்பொருளில் அடர்த்தியை மாற்றிக் கொடுங்கள். கடல்நீரை நன்னீர் என்று கணக்கிட்டால் 4 மீட்டர் ஆழத்துக்கு 10 செ.மீ. தவறு வரும்.