உள்விளையாட்டரங்கின் கூரைக்கு சோலார்: எம்.பி. நிதியா, ரெஸ்கோவா?

எங்கள் ஊர் நகராட்சி உள்விளையாட்டரங்கின் கூரையில் 10 கிலோவாட் சோலார் பேனல் அமைக்க முனைந்தபோது, இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி. மற்றொன்று, தனியார் நிறுவனமே முதலீடு செய்ய, யூனிட்டுக்கு இவ்வளவு என்று நாம் பல ஆண்டுகள் கட்டணம் செலுத்தும் ரெஸ்கோ முறை. நாங்கள் எம்.பி. நிதியைத் தேர்ந்தெடுத்தோம், இரண்டு கோடைகள் கடந்த பின்னும் அதுவே சரி என்று கருதுகிறேன்.

நிழல் விழாத 1,000 சதுர அடி இடம் இரண்டுக்கும் வேண்டும். முடிவைத் தீர்மானித்தது ஆட்ட நேரம். எங்கள் அரங்கில் இறகுப்பந்து ஆடுவோர் விடியற்காலையிலும், மாலை ஆறு மணிக்கு மேல் பத்து மணி வரையிலும் வருகிறார்கள். பேனல்கள் முழு வீச்சில் உற்பத்தி செய்யும் நண்பகலில் அரங்கு பூட்டிக் கிடக்கிறது. நல்ல வெயிலில் நாளொன்றுக்குக் கிடைக்கும் சுமார் 40 யூனிட்டில் பெரும்பகுதி மின்வாரியக் கம்பிக்கே போகிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு வாங்கும் யூனிட்டிலிருந்து அனுப்பும் யூனிட்டை அப்படியே கழித்துக்கொள்ளும் நெட் மீட்டர் வசதி உண்டு. எங்களைப் போன்ற இணைப்புகளுக்கோ, அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைப்பது நாம் வாங்கும் விலையைவிடக் குறைவு. எங்களிடம் காட்டப்பட்ட ரெஸ்கோ ஒப்பந்தப்படி, நாம் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பணம் கட்ட வேண்டும். அப்படியானால் நண்பகல் மின்சாரத்தை ஒரு விலைக்கு வாங்கி, அதைவிடக் குறைந்த விலைக்குக் கொடுக்கும் நிலை வந்துவிடும். பொது நிதியில் வந்த பேனலுக்கு அந்தச் சுமை இல்லை. கிடைப்பது குறைவாயினும் வரவே. பகலெல்லாம் மோட்டார் ஓடும் நீச்சல்குளமாக இருந்திருந்தால் ரெஸ்கோவை இவ்வளவு எளிதில் ஒதுக்கியிருக்க மாட்டேன்.

ரெஸ்கோவின் உண்மையான பலம் பராமரிப்பு. பேனல் ஓடினால்தான் அந்த நிறுவனத்துக்கு வருமானம். எம்.பி. நிதியோ சொத்தை உருவாக்கத்தான் உதவும். தொடர் செலவை பயன்பெறுவோர்தான் ஏற்க வேண்டும். முதல் கோடையில் புறா எச்சமும் சாலைப் புழுதியும் படிந்து இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை நாம் பயன்படுத்தும் வகைக்கு மாற்றும் கருவி) காட்டும் உற்பத்தி அளவு நாளுக்கு நாள் இறங்கியது. ஒரு காலையில், வெயில் ஏறுமுன், இரண்டு இளைஞர்கள் கூரையேறி ரப்பர் குழாயால் கழுவிவிட்டார்கள். மறுநாளே அளவு ஏறியது. அதன்பின் கழுவுவதற்கு முறை வைத்துக்கொண்டோம்; சந்தாவில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுகிறோம். இன்வெர்ட்டரை மாற்றும் கட்டம் எங்களுக்கு இன்னும் வரவில்லை. சேர்த்த தொகை போதுமா என்பது அன்றுதான் தெரியும்.