ஃப்ளாட்கார் லினக்ஸ்: கன்டெய்னர் சர்வருக்கு எவ்வளவு புதுசு போதும்?

பலரும் சர்வரில் போடும் லினக்ஸான டெபியன் 12-ல், கன்டெய்னரை (ஆப்பையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே பொதியாக்கி ஓட்டும் முறை) இயக்க வரும் போட்மேன் 4.3.1. கன்டெய்னரை நேராக சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிப்பது) சர்வீஸாக எழுத உதவும் குவாட்லெட் வந்ததோ 4.4-ல். ஒரே ஒரு படியில் கைநழுவிப்போன அந்த வசதிக்காக 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "டெபியனைப் போடு, தொடாதே" என்பவர்கள் கொடுக்கும் விலை இதுதான்.

கன்டெய்னர் ஓட்டுவதற்கென்றே உள்ள லினக்ஸான ஃப்ளாட்கார் வேறு வழியில் போகிறது. கோர்ஓஎஸ் கன்டெய்னர் லினக்ஸிலிருந்து பிரிந்து வளர்ந்தது. மூலம் 2020 மே மாதம் நின்றுபோனது, இது தொடர்கிறது. சிஸ்டம் ஃபைல்கள் இருக்கும் யூஎஸ்ஆர் (/usr) பகுதி எழுத முடியாதபடி பூட்டப்பட்டு, இரண்டு பிரதியாக இருக்கும். அப்டேட் சும்மா இருக்கும் பிரதியில் இறங்கும், ரீபூட்டில் மாறும். புதியது பூட் ஆகாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் திரும்புவது அந்தப் பகுதி மட்டுமே. வார் (/var) பகுதியில் இருக்கும் டாக்கர் டேட்டாவும் டேட்டாபேஸும் அப்படியே நிற்கும். அதற்கு பேக்கப் தனியாக வேண்டும்.

நம் ஊரில் பலர் வழுக்குவது நேரக் கணக்கில். சர்வர் கடிகாரம் யூடிசி, அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். ரீபூட் நேரத்தை 03:00 என்று வைத்தால், இங்கே காலை 8:30. ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வருபவர் அத்திப்பள்ளி டிராஃபிக்கில் நிற்கும்போது சர்வர் விழும். நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு வேண்டுமென்றால் 20:30, நீளம் 1 மணி நேரம். பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் ஓடினால் இதுவும் போதாது: அப்டேட்டுக்குப் பின் ரீபூட்டைப் பார்த்துக்கொள்ளும் லாக்ஸ்மித், பாட்களைக் (கன்டெய்னர் தொகுப்புகளைக்) காலி செய்யாமல் ரீபூட் செய்துவிடும். அதை நிறுத்திவிட்டு, நோடை (அதாவது அந்தச் சர்வரை) டிரெயின் செய்து, பாட்களை வெளியேற்றியபின் ரீபூட் செய்யும் ஃப்ளாட்கார் அப்டேட் ஆபரேட்டரைப் போடுங்கள்.

பழைய சர்வரிலிருந்து மாறுபவர்கள் ஜாவாவை முதலில் பாருங்கள். ஃப்ளாட்காரில் கன்டெய்னரின் மெமரி வரம்பைக் கவனிக்கும் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) வசதி சிகுரூப் வி2 தான். ஜாவா 8-ல் அப்டேட் 372-க்கு முந்தையவற்றுக்கு அது புரியாது. கன்டெய்னருக்கு 1 ஜிபி வரம்பு வைத்தாலும் மொத்த சர்வரின் மெமரியைப் பார்த்து ஹீப்பை (தான் எடுத்துக்கொள்ளும் மெமரியை) நிர்ணயிக்கும், கெர்னல் அதைக் கொன்றுவிடும். ஓஎஸ் மீது பழி போடுவதற்கு முன் புதிய ஜாவா உள்ள கன்டெய்னர் இமேஜுக்கு மாறுங்கள்.

இன்னொன்று: கான்ஃபிகைப் படித்து சர்வரை அமைக்கும் இக்னிஷன் முதல் பூட்டில் மட்டும் ஓடும். கான்ஃபிகைத் திருத்திவிட்டு ரீபூட் செய்தால் எதுவும் மாறாது. புது நோடாகவே எழுப்புங்கள்.

அப்டேட் வர ஆல்ஃபா, பீட்டா, ஸ்டேபிள், எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) என நான்கு சேனல். ஒரு நோடு பீட்டாவில், மற்றதெல்லாம் ஸ்டேபிளில். கெர்னல் சிக்கல் இருந்தால் ஸ்டேபிளுக்கு வரும் முன்பே அந்த ஒரு நோடு காட்டிக்கொடுக்கும். எல்டிஎஸ் 18 மாதம் தாங்கும். கெர்னலோடு ஒட்டிய தனி டிரைவர் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் சரி.

ஒரே ஒரு சர்வர், நாலைந்து கன்டெய்னர் என்றால் இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. டெபியன் 13, அதிலுள்ள போட்மேன் 5.4 போதும்.