35,000 ரூபாய் லேப்டாப்பும் நாலு பித்தளை நட்டும்

திரை மூடியையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் கீல், அதாவது ஹிஞ்ச், உடைந்து, அந்த வேலை முடிந்து லேப்டாப் மறுபடி மேசைக்கு வந்துவிட்டது. இந்த நேரம் பார்த்து ஒரு நண்பர், "அந்த மாடல் விலை குறைஞ்சிருக்கே, வீட்டு உபயோகத்துக்கு வாங்கலாமா?" என்று கேட்கிறார். இன்டெல் ஐ3-1215யூ ப்ராசஸர், 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 இன்ச் திரை, பிளாஸ்டிக் பாடி. 35,000 ரூபாயை ஒட்டி எந்தக் கம்பெனி மெஷினை எடுத்தாலும் ஏறக்குறைய இதேதான். அதனால் கம்பெனி பெயர் சொல்லவில்லை. மூடியில் இருக்கும் லோகோவை மறைத்துவிட்டால் எது எவருடையது என்று கடைக்காரரே திணறுவார்.

முதலில் நியாயமாக நாலு வார்த்தை. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1215யூவில் பெரிய கோர் இரண்டு, சிறிய கோர் நான்கு, மொத்தம் எட்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலை. பிரவுசரில் இருபது டேப், பக்கத்தில் எக்செல், பின்னணியில் ஒரு வீடியோ கால் என்று ஓட்டினாலும் முனகுவதில்லை. இதைவிடப் பத்தாயிரம் குறைவாகக் கிடைக்கிறதே என்று செலரான் என்4020 ப்ராசஸர், 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டியைவிட மெதுவான சேமிப்பு) போட்ட மெஷினை எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். இரண்டே கோர். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ராமும் 64 ஜிபி இடமும்தான். ஒரு பெரிய அப்டேட் வந்தால் இறங்கவே இடம் இருக்காது, அழிப்பதற்கும் எதுவும் மிஞ்சியிருக்காது.

ராம் விஷயத்தில் வாங்கும்போதே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். 8 ஜிபியும் போர்டிலேயே சால்டர் செய்ததா, ஸ்லாட் காலியாக இருக்கிறதா? கிராபிக்ஸும் இதே ராமிலிருந்துதான் பங்கு எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் எழுந்து நின்றாலே பாதி போய்விடும். ஸ்லாட் இருந்தால் பின்னால் இன்னொரு 8 ஜிபி போடலாம், இரண்டு ராமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் டூயல் சேனலும் கிடைக்கும். 2025 கடைசியில் ராம் விலை எகிறிய பிறகு இது முன்புபோலச் சில்லறைச் செலவு இல்லை, அது வேறு கதை. கீபோர்டு நன்றாக இருக்கிறது. விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருப்பதால் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். இன்னொரு சின்ன சந்தோஷம், இதை எந்த ரிவ்யூவிலும் பார்க்க முடியாது: எர்த் சரியில்லாத வீட்டில் சார்ஜ் போட்டபடி உலோக பாடி லேப்டாப்பைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருக்கும். சார்ஜரிலிருந்து கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் பாடிக்கு வருவதுதான் காரணம். பிளாஸ்டிக் பாடியில் அந்தத் தொல்லையே இல்லை.

பாராட்டு இதோடு சரி. இனி ஹிஞ்ச்.

திரை விட்ட கோணத்தில் நிற்க வேண்டும் என்பதால் ஹிஞ்ச் இறுக்கமாகத்தான் இருக்கும். உள்ளே ஓர் எஃகுத் தண்டு, அதில் வரிசையாகக் கோத்த வாஷர்கள், முனையில் ஒரு நட். அந்த நட் கொடுக்கும் அழுத்தம்தான் உராய்வு. தண்டின் ஒரு தகடு மூடிக்குள் போகிறது, இன்னொன்று கீபோர்டு பாடிக்குள். இதுவரை எல்லாமே எஃகு, உடைகிற பேச்சே இல்லை. உடைவது அந்தத் தகட்டைப் பிடித்திருக்கும் இடம். பிளாஸ்டிக்கில் வார்த்த குட்டிக் குட்டித் தூண்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் சூடாக்கி அழுத்திப் பதித்த ஒரு பித்தளை நட்டு, அதில் 2 அல்லது 2.5 மி.மீ. ஸ்குரூ. ஒரு பக்கத்துக்கு இப்படி மூன்றோ நாலோ. அவ்வளவுதான் பிடிமானம். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும், ஹிஞ்சின் இறுக்கத்தை மீறி நாம் கொடுக்கும் விசை இந்தப் பித்தளை நட்டுகளைப் பிளாஸ்டிக்கிலிருந்து பிடுங்கும் திசையில் வேலை செய்கிறது.

புதிதில் தாங்கும். நாளாக ஆக ஹிஞ்சுக்குள் இருக்கும் கிரீஸ் காய்ந்து தண்டு இன்னும் இறுகும். சில மாடல்களில் விசிறியின் சூடான காற்று ஹிஞ்சுக்குப் பக்கத்திலேயே வெளியேறுகிறது. சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி அந்த மூலைப் பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகிவிடும். பிடி தளர்கிறது, இழுக்கும் விசையோ கூடுகிறது. இதில் நம் பங்கும் உண்டு. வலது கையில் காபி, இடது கையால் மூடியின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குவது. அப்போது விசை இரண்டு ஹிஞ்சுக்கும் சமமாகப் போகாது. மெல்லிய மூடி முறுக்கிக்கொண்டு, ஒரு பக்கத்து நட்டுகளே முழு விசையையும் வாங்கும்.

இதில் கடுப்பேற்றும் விஷயம் ஒன்று உண்டு. இந்த விலையில் பெரும்பாலும் வருவது டிஎன் என்ற மலிவு வகைத் திரைப் பேனல், அல்லது அதைவிடக் கொஞ்சம் மேலான ஏதோ ஒன்று. வெளிச்சம் 220, 250 நிட்ஸ். கொஞ்சம் கீழிருந்து பார்த்தால் படம் கறுத்துப்போகும், மேலிருந்து பார்த்தால் வெளுத்துப்போகும். அதனால் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் திரையைச் சரிக்க வேண்டும், நிமிர்ந்தால் மறுபடி சரிக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் இன்னொரு தடவை. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் படம் மாறாத நல்ல ஐபிஎஸ் பேனல் போட்ட மெஷினில் காலையில் திறந்துவைத்தால் மாலை வரை தொடவே வேண்டாம். இங்கே பேனலில் மிச்சம் பிடித்த காசுக்கு ஹிஞ்ச் உழைக்கிறது, அந்த ஹிஞ்சைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்கிலும் காசு மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

உடைவதற்கு முன் அறிகுறி காட்டும், கவனித்தால் தெரியும். திறக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். திரையைச் சுற்றியுள்ள கறுப்புச் சட்டம் ஹிஞ்ச் மூலையில் மூடியைவிட்டு நகம் நுழையும் அளவுக்கு விலகும். அல்லது மூடியைத் திறக்கும்போது கீழ்ப் பாடியின் பின்மூலை தூக்கிக்கொண்டு வாயைப் பிளக்கும். இதில் ஏதாவது ஒன்றைப் பார்த்தால் மூடுவதை அன்றோடு நிறுத்துங்கள். திறந்தபடியே ஷட் டவுன் செய்து, திறந்தபடியே வையுங்கள். அவசர வேலை இருந்தால் ஹெச்டிஎம்ஐ கேபிளில் டிவியையோ மானிட்டரையோ மாட்டிக்கொள்ளலாம். "இன்னும் ரெண்டு நாள் ஓட்டலாம்" என்று திறந்து மூடிக்கொண்டிருந்தால், கழன்ற தகடு உள்ளே நெம்புகோல் போல வேலை செய்து திரையின் கீழ்மூலைக் கண்ணாடியை உடைக்கும். டிஸ்ப்ளே கேபிளும் வைஃபை ஆன்டெனா வயர்களும் ஹிஞ்ச் வழியாகத்தான் போகின்றன, அவையும் நசுங்கும். பசையோடு முடிய வேண்டிய வேலை பேனல் மாற்றும் வேலையாகிவிடும். 15.6 இன்ச் ஃபுல் ஹெச்டி பேனல் மட்டுமே சில ஆயிரம் ரூபாய் இழுக்கும்.

வாரண்டி இருந்தால் முதலில் கேட்டுப் பாருங்கள். ஆனால் சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "பிசிக்கல் டேமேஜ் சார், வாரண்டியில வராது" என்பதுதான். கீழே விழவில்லை, எங்கும் இடிக்கவில்லை, மூடி திறந்ததுதான் பாவம். திறந்து மூடுவதற்காகச் செய்த பாகம் திறந்து மூடியதால் உடைந்தால் அது எப்படி நம் தவறு? பாடியில் அடிபட்ட தடயம் இல்லை என்று நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு போய் வாதாடினால் சில சமயம் நடக்கிறது. காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அவர்கள் ஹிஞ்சை மட்டும் தொட மாட்டார்கள், மூடியையோ கீபோர்டு பாடியையோ முழுசாக மாற்றச் சொல்வார்கள். பாகம் புதிது, உள்ளே இருப்பது அதே பிளாஸ்டிக் தூண்.

வெளிக்கடை வேலை இரண்டு விதம். ஒன்று, நட்டை அதே இடத்தில் பசையில் திரும்பப் பதிப்பது. இன்னொன்று, பாடியில் ஓட்டை போட்டு வெளியிலிருந்து போல்ட் மாட்டுவது. இரண்டாவது பார்க்கச் சகிக்காது, ஆனால் திரும்ப உடையாது. முதலாவது சரியாகச் செய்தால் நன்றாக நிற்கும். சரியாகச் செய்கிறார்களா என்பதுதான் கேள்வி. சென்னையில் ரிச்சி தெரு ஆனாலும் ஊரில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடை ஆனாலும் "அரை மணி நேரத்துல தந்துடறேன்" என்று சொன்னால் அது குயிக் பசையும் சமையல் சோடாவும் போடும் வேலை. கல் மாதிரி இறுகும், கல் மாதிரியே உடையும். ஆவி பட்டு சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கும். கேட்க வேண்டியது இரண்டு குழாயில் வரும், கலந்து போடும் எபாக்ஸி பசையான சாதாரண அரால்டைட், ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸி இல்லை. அது முழுசாக இறுக ஒரு நாள் வேண்டும், அதனால் மெஷினை ஒரு இரவாவது கடையில் விட்டுத்தான் வர வேண்டும்.

கை பழகியவர்கள் வீட்டிலேயே செய்யலாம். உடைந்தது கீபோர்டு பாடிப் பக்கம் என்றால் இது எளிது. அடி மூடி ஸ்குரூக்களைக் கழற்றும்போது எது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் படம் வரைந்து அதிலேயே குத்திவையுங்கள். நீளம் வேறு வேறு. நீளமானதைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் மேல் பாடியில் குமிழ் கிளம்பும். ரப்பர் பாதத்துக்கு அடியிலும் ஸ்குரூ ஒளிந்திருக்கும். அடி மூடியைப் பிரிக்கப் பழைய ஏடிஎம் கார்டு போதும், ஸ்குரூ டிரைவரைச் செருகிக் கீற வேண்டாம். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. பிடுங்கி வந்த பித்தளை நட்டுகள் ஹிஞ்சிலேயே ஸ்குரூவோடு தொங்கும். தூணின் மிச்சத்தை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் பசை. ஸ்குரூ நுனியில் துளி வாசலின் தடவிக்கொண்டால் பசை மரைக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளாது. ஒட்டிவிட்டு, மூடி திறந்த நிலையில் அசைக்காமல் 24 மணி நேரம் வைத்தே தீர வேண்டும். மூடிப் பக்கம் உடைந்திருந்தால் திரைச் சட்டத்தையும் பேனலையும் கழற்ற வேண்டிவரும். பழக்கமில்லாதவர்கள் அதில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

பசையைவிட முக்கியமான ஒன்றைப் பெரும்பாலான கடைகள் செய்வதில்லை: ஹிஞ்ச் முனை நட்டைத் தளர்த்துவது. இறுக்கம் அப்படியே இருக்க, எவ்வளவு நல்ல பசை போட்டும் என்ன பயன்? அதே விசை மறுபடி அதே இடத்தைத்தான் இழுக்கும். மூக்குக் கொறடால் கால் சுற்று, இரண்டு பக்கமும் ஒரே அளவு. அடிப்பாகத்தைக் கையால் பிடிக்காமல் மூடி திறக்க வேண்டும், திறந்த பின் திரை தானாகச் சரியக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடத்தில் நிறுத்துங்கள். எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அது வழிந்து பேனல் ஓரத்தில் இறங்கினால் திரையில் கறை நிரந்தரம்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பார்த்துவிடலாம். மூடியின் நடு விளிம்பில் ஒரே விரலை வைத்துத் தூக்குங்கள். அடிப்பாகமும் சேர்ந்து எழுந்து வந்தால் பாடி எடைக்கு ஹிஞ்ச் அதிக இறுக்கம் என்று அர்த்தம். பிறகு மூடியின் மேல் மூலைகள் இரண்டையும் பிடித்து லேசாக எதிரெதிராக அசையுங்கள். ஓலைத்தட்டி போல வளைந்தால் ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே என்ன நடக்கும் என்று புரிந்துவிடும். ஷோரூம் பையன் முறைப்பான், முறைக்கட்டும்.

சரி, நண்பர் கேட்டதற்குப் பதில். வேகம் போதும், கீபோர்டு நன்று, கொடுத்த காசுக்கு ப்ராசஸர் கொள்ளை மலிவு. இருந்தாலும் வாங்காதீர்கள். இதை எழுதும்போது விரல் நுனியில் இன்னும் அரால்டைட் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அடுத்த மாதம் கேட்டால் பதில் மாறலாம். இன்றைக்கு இதுதான் பதில். இதைவிடக் குறைந்த காசில், அலுவலகங்கள் கழித்துவிட்ட திங்க்பேட் டி480, லாட்டிட்யூட் 7490, எலைட்புக் 840 ஜி5 வகை மெஷின்கள் கிடைக்கின்றன. ஹிஞ்ச் பிடிமானம் இதைவிட உறுதியாக இருக்கும். இன்டெல் எட்டாம் தலைமுறை ப்ராசஸர் போட்டதைப் பார்த்து எடுத்தால் விண்டோஸ் 11 முறையாகவே ஏறும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், ஏழாம் தலைமுறையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து டிசைன் கெப்பாசிட்டியும் (புதிதில் இருந்த அளவு) ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியும் (இப்போது தாங்கும் அளவு) எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று பாருங்கள். பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங்ஸ்) பாஸ்வேர்டு கேட்காமல் போக முடிகிறதா என்றும் கடையிலேயே பார்த்துவிடுங்கள், பழைய கம்பெனி பூட்டிவிட்டுப் போயிருந்தால் அதைத் திறப்பது பெரும்பாடு.

புதுசுதான் வேண்டும் என்று வீட்டில் அடம் பிடித்தால் வாங்குங்கள். இரண்டு கட்டைவிரலையும் நடுவில் வைத்துத் திறங்கள். வாரண்டி முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, மறுநாளே அடி மூடியைக் கழற்றி அந்த ஹிஞ்ச் முனை நட்டைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள்.