அப்பத்தா தனியாக இருக்கும் வீடு: விடுமுறையில் ஊரில் முடிக்க வேண்டிய வேலைகள்

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் பல வீடுகளில் இப்போது பெரியவர்கள் மட்டும்தான். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ துபாயிலோ. இந்தமுறை ஊரில் விசாரித்தவரை, வாசல்தேடி வரும் உதவிகள் முன்பைவிடக் கூடியிருக்கின்றன. ஆனால் பட்டியலில் பெயர் ஏறாத வீட்டை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்தப் பெயரை ஏற்றிவிட்டு வருவதுதான் நம் வேலை.

முதலில் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில் தொடங்கியது. ஆதாரையும் பழைய மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். பதிந்துவிட்டால் பிரஷர், சுகர் மாத்திரைகளைத் தன்னார்வலர் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுப்பார். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வலிநிவாரணச் சிகிச்சையும் பிசியோதெரபியும் உண்டு. ஒரு ஆபத்தைக் கட்டாயம் கவனியுங்கள்: டவுன் டாக்டர் எழுதிய மாத்திரையும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும். அட்டையின் நிறமும் பெயரும் வேறு, உள்ளே இரண்டிலும் அம்லோடிபின் என்ற அதே பிரஷர் மருந்து இருக்கலாம். இரண்டையும் போட்டால் பிரஷர் இறங்கி, எழுந்து நிற்கும்போதே விழுந்துவிடுவார்கள். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களை ஒப்பிட்டு, எதை நிறுத்துவது என்று டாக்டரிடமே கேளுங்கள்.

ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியபோது, 70 வயது தாண்டியவர்களுக்காக வந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன் பெயர் ரேஷன் அட்டையில் இன்னும் இருந்தால் சிக்கல். இ-சேவை மையத்தில் நீக்கிவிடுங்கள். அதோடு, அப்பத்தாவின் ஆதாரில் உங்கள் பழைய இந்திய நம்பர் இருக்கிறதா பாருங்கள். சிம் செத்துப்போயிருந்தால் ஓடிபி வராது, எல்லா விண்ணப்பமும் அங்கேயே நிற்கும். ஊரிலேயே இருக்கும் நம்பிக்கையான ஒருவர் நம்பரை மாற்றிக் கொடுங்கள்.

முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. அதைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

மாத்திரையும் அரிசியும் வந்தாலும் பேச ஆள் வேண்டுமே. மகளிர் திட்டத்தில் முதியோருக்கென்று தனி சுய உதவிக் குழு தொடங்க 5 பேர் போதும். சேமிப்புத் தொகை சின்னதாக இருக்கட்டும், வாரக் கூட்டம் மட்டும் தவறக் கூடாது. ஒருவர் வரவில்லை என்றால் அன்றே யாராவது போய்ப் பார்ப்பார்கள். நடக்க முடியாதவர் இருந்தால், கூட்டத்தை அவர் வீட்டுத் திண்ணையில் போடச் சொல்லிக் கேளுங்கள்.