ருவாண்டா வானொலியும் மியான்மர் ஃபேஸ்புக்கும்

1993-இல் ருவாண்டாவில் தொடங்கிய ஆர்டிஎல்எம் வானொலியை நடத்திய பெரும்பான்மை இனமான ஹுட்டு தீவிரவாதிகளுக்கு வேண்டியது அதிகாரம். இளைஞர்களுக்குப் பிடித்த பாட்டாகப் போடுவார்கள். நடுநடுவே சிறுபான்மை இனத்தவரான டுட்சிகளைக் 'கரப்பான் பூச்சிகள்' என்பார்கள், நம்மை அழிக்க வருகிறார்கள் என்று பயமுறுத்துவார்கள். 1994 ஏப்ரலில் படுகொலை தொடங்கியதும், கொல்ல வேண்டியவர்களின் பெயர்களையும் ஒளிந்திருக்கும் இடங்களையும் ஒலிபரப்பிலேயே சொன்னார்கள்.

மியான்மரில் ஃபேஸ்புக்குக்கு யார் மீதும் பகை இல்லை. ஆட்கள் திரையை விட்டு நகராமல் இருந்தால் விளம்பரக் காசு வரும், அவ்வளவுதான். ராணுவத்தினர் போலிப் பக்கங்கள் வழியாக அந்நாட்டு முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்கள் மீது வெறுப்பைக் கிளப்பினார்கள். கோபமூட்டும் பதிவுகள் வேகமாகப் பரவின. 2017-இல் ராணுவம் தாக்கியதும் 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியாக்கள் உயிர் பிழைக்க வங்கதேசத்துக்கு ஓடினார்கள்.

எனக்கு இரண்டாவதுதான் அதிகக் கவலை தருகிறது. வானொலியின் நிறுவனர்களில் நஹிமானா, பராயக்விசா இருவரையும் 2003-இல் ருவாண்டாவுக்கான ஐ.நா. சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் தண்டித்தது. கூண்டில் ஏற்ற ஆள் இருந்தது. ஃபேஸ்புக், தான் செய்தது போதாது என்று 2018-இல் ஒப்புக்கொண்டது. சரி, அப்புறம்? 2021-இல் ரோஹிங்கியாக்கள் அமெரிக்காவில் 15,000 கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்கள். வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் அகதி முகாம்களில் இருப்பவர்களுக்கு அந்த நிறுவனம் கடன்பட்டிருக்கிறது.